மாடு படுத்த களமும் பால் பொங்கிய களமும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அவைத்தலைவர், நீர்வேலித் திருவருள் கல்லூரியின் கட்டடக் குழுவைக் கட்டிக் காக்கும் காவலர், சோமசேகரம் அவர்களே! எழுபத்தெட்டாம் ஆண்டு என் தம்பியின் கலியாணப் பந்தியில் எனக்கு மட்டும் வடை வைக்காமல் தாண்டிப் போனவர் தாங்கள்தான் என்பதை இந்த மங்கல மேடையில் நான் சொல்ல வரவில்லை. சொல்லவும் மாட்டேன்.

கல்லூரியின் கண்ணான அதிபர் அம்மா அவர்களே! வடபுலக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்ட ஒன்றியத்துக்குச் செயலாளராகக் கரவெட்டி மண் தந்த கனவான், தில்லைநாதன் அவர்களே! தங்களுக்கு வணக்கமும் உண்டு. வணக்கத்துக்குப் பிறகு வேறு கொஞ்சமும் உண்டு. ஆறுதலாக இருங்கோ. கனடாவிலிருந்து வந்து இந்த உள்ளக அரங்கை எழுப்பிய எஞ்சினியர் தம்பி மயூரதனே! முன்வரிசையில் விசிறியும் வீற்றிருப்புமாக விளங்கும் பெரியோரே! வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு, போகும்போது யாருடையது யார் காலுக்கு வாய்க்குமோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மாரே! நாளைக்கு இந்தக் களத்தில் களமாட வேண்டிய என் கண்மணிகளே! எல்லோருக்கும் சிவக்கொழுந்துக் கிழவியாகிய என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். அது வணக்கத்துக்கே சரியாகப் போய்விட்டது. இனித்தான் பேச்சு.

இந்த அரங்கு எழுந்து நிற்கும் இடம் எது? என் வாழைத்தோட்டம்! இதரையும் கதலியும் கப்பலும் குலை தள்ளிக் குனிந்து நின்ற செம்மண்! அதோ அந்த வளையம் தொங்குகிற இடத்தில்தான் என் பெரிய கப்பல் வாழை நின்றது. வாழை நின்ற இடத்தில் வளையம் நிற்கலாம் என்று ஏன் விட்டுக்கொடுத்தேன்? கொடைவள்ளல் என்று பெயர் எடுக்கவா? இல்லை. புண்ணியம் தேடவா? அதுவும் இல்லை. பொய் சொல்ல எனக்கு வராது. அரியாலைக்காரரும் கரவெட்டிக்காரரும் அரங்கு வைத்திருக்கிறார்கள், எங்களிடம் இல்லை என்ற எரிச்சலில் கொடுத்தேன்!

அரியாலை நெய்தல் கல்லூரியின் புது அரங்கைப் பார்த்திருக்கிறீர்களா? கடல்நீரேரி தெரியவேண்டும் என்று ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தார்கள். நீரேரி தெரிந்ததோ இல்லையோ, வெளியே நின்றவர்களுக்கு ஆட்டம் முழுக்கத் தெரிந்தது! ஊர்ச்சனம் முழுவதும் ரிக்கெற் எடுக்காமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு அதிபரின் மனைவியினுடைய சேலைகளை எல்லாம் கொண்டுவந்து வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அன்றைக்குச் சேலையைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

கரவெட்டிக் குமரவேள் கல்லூரியோ பழைய அரங்கைப் புதுப்பித்தது. தகரக் கூரை போனது, மெத்தைக் கதிரை வந்தது. அத்தோடு நின்றார்களா? ஒரு பெரிய திரை வைத்தார்கள். அவர்கள் போட்ட பந்தை ஒருதரம் காட்டுவார்கள். எங்கள் பிள்ளை தவறவிட்ட பந்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள்! என் பேத்தி கீர்த்திகா, இந்த அணியின் தலைவி, போன வருடம் தவறவிட்ட ஒரு பந்து இன்னும் அந்தத் திரையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறதாம். செயலாளர் அவர்களே, சிரிக்காதையுங்கோ. தங்களிடம் வருகிறேன்.

இந்தப் பிள்ளைகள் ஒருநாளாவது சொந்தக் களத்தில் ஆடியது உண்டா? லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி, அடுத்தவன் அரங்குக்குப் போய், அடுத்தவன் கூச்சலைக் கேட்டு, அடுத்தவன் திரையில் அவமானப்பட்டு வந்ததுதான் உண்டு. அதனால்தான் இந்த அரங்கு. அதனால்தான் நாளைக்கு இங்கே, கரவெட்டியோடு, இறுதியாட்டம் என்று ஒன்றியமும் வாக்குக் கொடுத்தது. களம் போடக் கனடாப் பலகை கப்பலேறி வந்தது. கண்ணாடி தோற்கும் வழவழப்பு! காலை வைக்கவே கூச்சம்!

அந்தப் பலகையில்தான், அன்பர்களே, முந்தநாள் நாங்கள் அடுப்பு மூட்டினோம்.

ஏன் முணுமுணுக்கிறீர்கள்? புதுவீட்டுக்குக் குடிபூரல் வேண்டாமா? பால் காய்ச்சாமல் புதுக்கட்டடத்துக்குள் போகிற குடியா நாங்கள்? பானையும் வந்தது, பாலும் வந்தது. அடுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டையும் வந்தது.

"வெளியிலை வையுங்கோ ஐயா" என்றார் தம்பி மயூரதன்.

"வெளியிலை வைச்சா அது பொங்கல், தம்பி. குடிபூரலுக்கு வீட்டுக்குள்ளைதான் பால் காய்ச்சுறது" என்றார் நம் அவைத்தலைவர்.

"ஐயா, இது வீடில்லை. விளையாட்டு அரங்கு."

"கூரை இருக்கோ?"

"ஓம்."

"கதவு இருக்கோ?"

"ஓம் ஐயா, இருக்கு."

"பிறகென்ன! பால் காய்ச்சக் குசினி எந்தப் பக்கம்?"

தம்பி திகைத்துப்போனார். "குசினி கட்டேல்லை ஐயா" என்றார்.

"என்ன! இவ்வளவு பெரிய வீட்டுக்குக் குசினி கட்டாமல் விட்ட எஞ்சினியரை நான் இப்பதான் பாக்கிறன்! சரி, குசினி இல்லாட்டி நடுவீடு. உங்கை பார், நடுவிலை வட்டமும் கீறிக் கிடக்கு. அடுப்புக்கெண்டுதானே கீறினது?"

பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடக்குகிற நடுவட்டத்தை, அடுப்புக்குக் கீறிய கோலம் என்று நினைத்த அறிவை என்னென்று புகழ்வேன்! எப்படிப் பாராட்டுவேன்! தலைவர் அவர்களே, நீங்கள் துண்டுச் சீட்டு அனுப்பவேண்டாம். நேரம் போவது எனக்கும் தெரியும்.

ஒரு தகரத்தை விரித்தார்கள். "தகரம் கிடக்கேக்கை பலகைக்கு என்ன நடக்கப் போகுது" என்று சொல்லி மூன்று கல்லை வைத்தார்கள். தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டினார்கள். பால் கிழக்கே வழியவேண்டும் என்றார் ஒருவர். வடக்கே வழிந்தாலும் நல்லதுதான் என்றார் இன்னொருவர். பானையை மேலும் கீழும் சரித்துப் பார்த்தார்கள். அப்போது, கூரையில் தம்பி பூட்டியிருந்த புகை மணி ஒன்று, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஊதத் தொடங்கியது பாருங்கள்! ஊதலைக் கேட்ட உடனே குண்டு விழுந்த காலத்துப் பழக்கத்தில் பாதிப்பேர் குப்புறப் படுத்துவிட்டோம். நானும்தான். என் பக்கத்தில் தலைவர். எனக்கு முந்திப் படுத்தவர் அவர்தான்.

நாங்கள் நிலத்தைப் பார்த்துக் கிடந்த நேரத்தில் பால் பொங்கியது. எந்தப் பக்கம் வழிந்தது? இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது!

தகரத்தைத் தூக்கினால், கீழே தோசைக்கல் அளவில் ஒரு கருகல். வெள்ளைப் பலகையின் நட்டநடுவில் வட்டமாக, வடிவாக இருந்தது. தம்பி மயூரதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஐயா... பலகை" என்றார்.

"பால் நல்லாப் பொங்கினது தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதையும்" என்றார் தலைவர்.

பாவம், அந்தத் தம்பி விடியும்வரை இருந்து அதைத் தேய்த்து மெருகு பூசினார். பள்ளம் இல்லை, மேடு இல்லை. பந்தைப் போட்டால் மற்ற இடத்தில் எப்படி எழும்புமோ அப்படியே எழும்புகிறது. நிறம் மட்டும் போகவில்லை. நேற்றுச் செயலாளர் வந்தார். குனிந்தார். விரலால் தடவினார். விரலை மணந்தும் பார்த்தார்! பிறகு நிமிர்ந்து என்ன சொன்னார்?

"நிலம் ஒரே சீராய் இருக்கோணும் எண்டது ஒன்றியத்தின்ரை விதி. உதிலை இறுதியாட்டம் வைக்கேலாது. கரவெட்டிக்கு மாத்தப் போறன். முடிவை நாளைக்குத் திறப்பு விழாவிலை சொல்லுறன்."

இரவு கீர்த்திகா சாப்பிடவில்லை. காலில் போட்டு ஆடும் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "அம்மம்மா, அடுத்த வருசம் நான் பள்ளிக்கூடத்திலை இல்லை. எங்கடை வீட்டிலை ஒருக்காலாவது விளையாடுவம் எண்டு பாத்தன்" என்றாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை.

அவையோரே! அப்போதுதான் எனக்கு ஒரு மாடு ஞாபகம் வந்தது.

இந்திய ஆமி வருவதற்கு முந்திய வருடம். கரவெட்டியில் அப்போது அரங்கும் இல்லை, மெத்தையும் இல்லை. வெறும் மணல் நிலம், வேப்பமரத்தில் அறைந்த வளையம். இவளின் தாய், என் மகள் சுவர்ணா, எங்கள் அணிக்கு ஆடினாள். நான் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு போயிருந்தேன். அங்கே வளையத்துக்குக் கீழே, நிழலுக்கு, ஒரு கோயில் மாடு படுத்திருந்தது. கோயில் மாட்டை அடிக்கலாமா? இழுக்கலாமா? கரவெட்டிப் பிள்ளைகள் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பி விலகி நிற்கும். எங்கள் பிள்ளைகள் வந்தால் அசையாது! அசைபோட்டுக்கொண்டே பார்க்கும்! சுவர்ணா கடைசியாக எறிந்த பந்து வளையத்துக்குப் போகவில்லை. மாட்டின் கொம்பில் பட்டு வெளியே போனது. நாங்கள் ஒரு பந்தால் தோற்றோம்.

நடுவரிடம் போய் நியாயம் கேட்டேன். வயதில் இளந்தாரி, வாயில் ஊதுகுழல். என்ன சொன்னார் தெரியுமா? "உள்ள நிலம் உள்ளபடிதான் அம்மா. மாடும் களத்தின்ரை பகுதிதான். வந்தவை மாட்டைச் சுத்தி விளையாடட்டும்." நான் கொடுத்த கதலிப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்!

அந்த நடுவர் யார்? இதோ, என் வலப்பக்கத்தில், மாலையோடு, தில்லைநாதன் அவர்கள்!

என்ன சொல்கிறீர்கள் ஐயா? "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்கிறார். நாற்பது வருடமாகிறது, மறதி இயல்புதான். குறை சொல்லவில்லை. பழத்தை மறந்திருப்பீர்கள். தீர்ப்பை மறந்திருப்பீர்கள். கொம்பு வளைந்த அந்த லட்சுமி என்கிற மாட்டையும் மறந்திருப்பீர்கள்...

ஆ! கேட்டீர்களா? ஒலிவாங்கி இல்லாமலே கேட்டதா? "லட்சுமி இல்லை, சிவப்பி" என்கிறார்! ஓம் ஐயா, சிவப்பிதான். சிவப்பியை நான் மறப்பேனா? நீங்கள் மறந்தீர்களா என்று பார்க்கத்தான் லட்சுமி என்றேன்!

சுவர்ணா, எழும்பு பிள்ளை. ஐயா உன்னைப் பார்க்கட்டும். கீர்த்திகா, நீயும் எழும்பு. பாருங்கள் செயலாளரே. தாய் மாட்டைச் சுற்றி ஓடினாள். மகள் ஒரு கறுப்பு வட்டத்தைத் தாண்டி ஓடமாட்டாளா? மாடு களத்தின் பகுதி என்றால், மாட்டின் பால் பொங்கிய தழும்பு களத்தின் பகுதி இல்லையா? உயிரோடு படுத்துக் கொம்பை ஆட்டியது களத்துக்குக் குறையில்லை என்றால், உயிரும் இல்லாமல் முட்டவும் தெரியாமல் கிடக்கும் இந்தக் கருகல் குறையா? உங்கள் சிவப்பி ஒரு பக்கத்துக்குத்தான் எழும்பி வழிவிட்டது. எங்கள் கருகல் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்! கரவெட்டிப் பிள்ளை மிதித்தாலும் பேசாது, நீர்வேலிப் பிள்ளை மிதித்தாலும் பேசாது! இதைவிட நடுநிலையான நடுவட்டம் இந்த வடமாகாணத்தில் எங்கே இருக்கிறது?

கை தட்டாதையுங்கோ, பொறுங்கோ. ஐயா எழும்புகிறார். சொல்லுங்கோ ஐயா.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்கு நான் சொல்கிறேன். "சரி அம்மா, உள்ள நிலம் உள்ளபடிதான். ஆட்டம் நாளைக்கு இஞ்சைதான்" என்கிறார்! இனித் தட்டுங்கோ! தட்டுங்கோ கீர்த்திகாவுக்கு! தட்டுங்கோ சிவப்பிக்கு!

தம்பி மயூரதன், கண்ணைத் துடையும். அடுத்த கட்டடத்துக்குக் குசினியும் கட்டும்.

நாளைக்குக் கரவெட்டிப் பிள்ளைகள் வரட்டும். வாசலில் வாழை கட்டி வரவேற்போம். ஆட்டம் முடிந்ததும் என் கையால் கதலிப்பழம் உண்டு. செயலாளருக்கும் உண்டு, ஆனால் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகு.

நன்றி சொல்லி அமரவேண்டும். அடுப்பு வைத்த தலைவருக்கு நன்றி. அணைத்தவர்களுக்கு நன்றி. பொறுமையாக இருந்த தாய்மாருக்கும் பொறுக்காமல் துண்டு அனுப்பியவருக்கும் நன்றி. இந்த நல்ல நாளிலே, என் மனத்தில் நெடுங்காலமாக வைத்திருக்கும் கோபங்களில் ஒன்றை இந்த மேடையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன். எது என்று சொல்லமாட்டேன். தில்லைநாதன் ஐயா, அது சிவப்பியாகவும் இருக்கலாம். சோமசேகரம் அண்ணை, அது வடையாகவும் இருக்கலாம். இரண்டு பேரும் நாளைக்கு முன்வரிசையில் இருந்து எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு சத்தமாகக் கை தட்டுகிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்வேன்.

வணக்கம். செருப்புக் கவனம்!