வெளுக்காத கண்ணாடி

என் பெயர் லோகேஸ்வரி, த/பெ முனுசாமி. வயது 44. எண் 23, லோரோங் 4, தாமான் மெலாத்தி ஜெயா, அசாம் ஜாவா என்ற முகவரியில் என் அண்ணன் செல்லனுடன் வசிக்கிறேன். பாலிடெக்னிக்கில் கட்டடவியல் டிப்ளோமா முடித்தவள். திரு. சுகுமாரனின் கட்டுமான நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக ஆவணப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் கோப்பு ஒன்றையும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் நான் திருடிவிட்டதாக அவர் கொடுத்த புகார் தொடர்பாக, 12.7.2025 சனிக்கிழமை காலை 9.10 மணிக்கு, காவல் நிலையத்தில் சார்ஜன் கணேஸ்வரன் கேட்க, இதைத் தமிழில் சொல்கிறேன். என்னைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை என்று சார்ஜன் முதலிலேயே தெரிவித்தார். புரிந்துகொண்டேன்.

7.7.2025 திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததும், தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்காமல், கேஸ் அடுப்பை மூட்டி, உள்ளங்கை அளவுள்ள ஒரு கண்ணாடித் துண்டை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினேன். அண்ணன் டயாலிசிஸுக்காக நாலரை மணி வேனில் கிள்ளானுக்குப் போய்விட்டதால் வீட்டில் நான் மட்டுமே இருந்தேன். புகாரில் சொல்லப்பட்ட துண்டு அதுதான். அது என் கைக்கு வந்த விதம் பின்வருமாறு.

அசாம் ஜாவா முச்சந்திக்கு அருகிலுள்ள மூன்று மாடிக் கடைவரிசைக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியை டயாலிசிஸ் நிலையமாக மாற்றும் வேலையை எங்கள் நிறுவனம் எடுத்திருந்தது. அங்கே இருபது நாற்காலிகள், நான்கு தாதியர். நாற்காலிகள் இருக்கும் கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே பதினான்கு கண்ணாடிகள் நிற்க வேண்டும் என்றும், அவை ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்றும் அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ளது. கையில் இரண்டு ஊசியோடு இயந்திரத்தில் இணைந்திருக்கும் நோயாளி எழுந்து ஓட முடியாது. ஒவ்வொருவராகக் கழற்றிக் கீழே இறக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அதற்கானது.

பிப்ரவரி மாதம் கண்ணாடி விற்பனையாளரின் ஆள் ஒரு மாதிரித் துண்டைக் கொண்டுவந்து, எங்கள் அலுவலகத்தின் பின்கட்டில் தீக்குழாயால் சுட்டுக் காட்டினார். சிறிது நேரத்தில் துண்டின் உள்ளே பால் பொங்கியதுபோல் நுரைத்து முழுவதும் வெள்ளையாகிவிட்டது. மறுபக்கத்தில் என்னைக் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது. அதன் பிறகு அந்தக் கண்ணாடியையே வாங்குவது என்று முடிவாயிற்று.

16.5.2025 வெள்ளிக்கிழமை கண்ணாடிகள் லோரியில் வந்தன. இரு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பாளரின் அழியாத முத்திரை இருக்க வேண்டும். அதை நேரில் பார்த்து, படமெடுத்து, சரிபார்ப்புப் பட்டியலில் கையெழுத்திடுவது என் வேலை. நான் போகும்போது வேலையாட்கள் பதினான்கையும் சட்டத்தில் பொருத்திவிட்டிருந்தார்கள். காகிதத்தை உரித்தால் சிமெண்ட் பட்டுக் கீறல் விழும் என்றார்கள். அன்று அண்ணனை ஏற்றிவரும் வேன் பழுதாகி, நான் வந்து கூட்டிப்போவதற்காக அவர் கிள்ளானில் காத்துக்கொண்டிருந்தார். நான் முதலாம் எண் கண்ணாடியின் மூலையை மட்டும் உரித்துப் பார்த்தேன். முத்திரை இருந்தது. அந்த ஒரு முத்திரையைப் பதினான்கு முறை படமெடுத்தேன். அதன் பிறகு பதினான்கு கட்டங்களிலும் கையெழுத்திட்டேன். அப்படிச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பட்டியலும் படங்களும் சேர்ந்த கோப்பை வைத்தே மேல் அனுமதிகளுக்கு விண்ணப்பம் போனது.

மேலே உள்ள பத்தியை எழுதும் முன் சார்ஜன் பேனாவை வைத்துவிட்டு, பதில் சொல்லத் தேவையில்லை என்பதை மீண்டும் நினைவூட்டினார். எழுதும்படி சொன்னேன்.

ஆடி பிறப்பதற்குள் நிலையத்தைத் திறந்துவிட வேண்டும் என்று அதை நடத்தும் சங்கத்தினர் விரும்பியதால், 6.7.2025 ஞாயிற்றுக்கிழமை காலை கணபதி ஹோமமும், 14ஆம் தேதி திங்கட்கிழமை நோயாளிகளின் வருகையும் குறிக்கப்பட்டன. ஹோமத்துக்கு முன்தினம்தான் காகிதங்கள் உரிக்கப்பட்டன. புகை பட்டு மணி அடிக்காமல் இருக்க எச்சரிக்கைக் கருவியை அணைத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் செங்கல் அடுக்கி ஹோமகுண்டம் அமைத்தார்கள். குண்டத்துக்கும் ஒன்பதாம் எண் கண்ணாடிக்கும் இடையே சுமார் இரண்டடி இருக்கும்.

என் அண்ணனும் வந்திருந்தார். அவருக்கு ஏழாம் எண் நாற்காலி ஒதுக்கப்பட்டிருந்தது. கிள்ளானுக்குப் போகும் வேன் ஜெராம், சுங்கை செம்பிலாங் எல்லாம் சுற்றி ஆள் ஏற்றிப் போவதால், நாலரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புபவர் திரும்பிவரப் பிற்பகல் இரண்டு ஆகும். புதிய நிலையம் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஆறு நிமிடம். அவரும் திரு. சுகுமாரனும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். ஏழாம் எண் நாற்காலியைச் சாய்த்துப் படுத்துப் பார்த்த அண்ணன், “டேய் சுகு, வேல முடிஞ்சா இத எங்க வீட்டுக்கு அனுப்பிரு லா, டிவி பாக்க தோதா இருக்கு” என்றார். “மெஷினையும் சேத்து அனுப்பவா?” என்று திரு. சுகுமாரன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு பூர்ணாகுதியின்போது பட்டும் நெய்யும் கொப்பரையும் சேர்ந்து தீ ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. விரல் முட்டியைச் சொடுக்கியது போன்ற ஓசை கேட்டது. ஒன்பதாம் எண் கண்ணாடியில் கீழிருந்து மேல் வரை விரிசல் ஓடியிருந்தது. “திருஷ்டி கழிஞ்சிருச்சு” என்று ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பிள்ளையாரே வந்து டெஸ்ட் பண்ணிட்டாரு” என்றார் திரு. சுகுமாரன். நான் அந்தக் கண்ணாடியின் நான்கு மூலைகளையும் பார்த்தேன். முத்திரை இல்லை. எல்லாரும் பந்திக்குப் போன பிறகு மற்றவற்றையும் பார்த்தேன். முதலாம் எண்ணைத் தவிர எதிலும் இல்லை.

மாலையில் வேலையாட்கள் உடைந்ததைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டு, அந்த இடத்தில் பலகை அடித்தார்கள். தொட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பந்தியில் மிஞ்சிய வாழை இலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் காலை அடுப்பில் காட்டியபோது அந்தத் துண்டு வெளுக்கவில்லை, நுரைக்கவும் இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருந்த ஒட்டுப்பொருள் மஞ்சளாகி, உருகி, அடுப்பின் மேல் சொட்டியது. பிளாஸ்டிக் பை எரிவதுபோல் நாறியது. ஜன்னலைத் திறந்துவைத்தேன். சமையலறை அடுப்பு பரிசோதனைக்கூடம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிப்ரவரியில் நான் கை வைத்துப் பார்த்த கண்ணாடி இது அல்ல என்பதும் தெரியும். கண்ணாடியை மாற்றியது யார், எங்கே என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எட்டரை மணிக்கு அலுவலகத்தில் திரு. சுகுமாரனைப் பார்த்தேன்.

“அண்ணே, அது தீக்கண்ணாடி இல்ல. சாதாக் கண்ணாடி ரெண்ட ஒட்டிவெச்சிருக்காங்க.”

“யார் சொன்னா?”

“வீட்ல அடுப்புல காட்டிப் பாத்தேன்.”

“அடுப்புலயா? அப்பளம் சுட்டுப் பாத்த மாதிரியா?”

“சரி, லேப்புக்கு அனுப்புவோம்.”

 அவர், புதுக் கண்ணாடிக்குச் சொன்னால் வந்துசேர நான்கு மாதம் ஆகும் என்றார். “இருவது பேரு காத்துக்கிட்டு இருக்காங்க மா. உங்கண்ணன் ஒருத்தரு. நீயே போய் சொல்லு அவருகிட்ட” என்றார். நான் கதவருகே போனபோது, “அந்தப் பதினாலு கட்டத்துலயும் யாரு கையெழுத்து இருக்கு?” என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

அன்று மதியம் சரிபார்ப்புப் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு, அசல் கோப்பை அலுவலக அலமாரியின் மூன்றாம் தட்டில் வைத்தேன். அது இன்றும் அங்கேயே இருக்க வேண்டும். 9.7.2025 புதன்கிழமை, பொம்பா எனப்படும் தீயணைப்பு நிலையத்துக்குச் சென்று, கண்ணாடிகளில் முத்திரை இல்லை என்று எழுதிய கடிதத்தை நேரில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் என்னிடம் உள்ளது. பதினான்கு படங்களும் ஒரே கண்ணாடியின் படங்கள் என்பதை அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதத் தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினேன். எனவே அந்தக் கடிதத்துக்கு எதிரே இப்போது நிற்பது என் கையெழுத்துள்ள பட்டியல்தான்.

10ஆம் தேதி திரு. சுகுமாரன் புகார் கொடுத்தார். 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். அண்ணன் டயாலிசிஸ் முடிந்த களைப்பில் உள்ளறையில் படுத்திருந்தார். திரு. சுகுமாரன் காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, “தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்னு ஒரே ஒரு வரி பொம்பாவுக்கு எழுதிக் குடுத்துரு மா. நானும் புகார வாபஸ் வாங்கிக்கிறேன். நீ திங்கக்கெழம வேலைக்கு வா” என்றார்.  அவர் போன பிறகு அண்ணன் உள்ளிருந்தபடியே, “என்னமா, பதினாலாந்தேதி உண்டா, இல்லியா?” என்று கேட்டார். கஞ்சி ஆறுகிறது, எழுந்து வாருங்கள் என்றேன்.

கண்ணாடித் துண்டை இன்று சார்ஜனிடம் ஒப்படைத்தேன். அது குப்பையிலிருந்து எடுத்தது. திருடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு மறுப்புக் கடிதம் எதுவும் கொடுக்க மாட்டேன். 16.5.2025 அன்று நான் இட்ட பதினான்கு கையெழுத்துகளில் பதின்மூன்று, நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்பவை. இந்த வாக்குமூலத்தின் நகலைத் தீயணைப்பு நிலையத்துக்கு இன்றே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சார்ஜன் குறித்துக்கொண்டார்.

மேலே உள்ளதைச் சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு தேதியைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார். நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது, எனக்குத் தெரிந்தவரை அத்தனையும் உண்மை.

கையெழுத்திடும் முன் ஒன்று சேர்க்கச் சொன்னேன். வழக்குக்கு இது தேவையில்லை என்றார் சார்ஜன். இருந்தாலும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். கிள்ளான் நிலையத்தில் அண்ணனின் பழைய நாற்காலியை இன்று நண்பகல் பன்னிரண்டு மணி வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்கள். 14ஆம் தேதியிலிருந்து வரமாட்டார் என்று முன்பே சொல்லியிருந்ததால், வேனில் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது மணி 11.25. இங்கிருந்து வெளியே போனதும் அழைத்து அந்த நாற்காலியைத் திரும்பக் கேட்பேன். வரும் திங்கட்கிழமையிலிருந்து வாரம் மூன்று நாள், காலை நாலரை மணிக்கு, அவரை நானே காரில் கூட்டிப்போவேன். அசாம் ஜாவா படிக்கட்டில் வெளுக்கக்கூடிய கண்ணாடிகள் பதினான்கு நிற்கும் வரை. இதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
லோகேஸ்வரி த/பெ முனுசாமி