கொஞ்சம் இறங்கி வந்த கார்

நான்தான் தம்பி. இந்தக் கார நானேதான் இவ்வளவு கீழ இறக்குனேன். எதுக்கு அப்படிப் பாக்குறீங்க? வீட்டுல சார் யாராவது பண்ணாங்களான்னு கேக்க வர்றீங்க, தெரியுது. சார் யாரும் இல்ல. அவர் போயி ரொம்ப வருஷமாச்சு. இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல, அவருக்கு பல்பு மாத்தவே ஆள் கூப்பிடணும். இந்த ஸ்பிரிங், ஷாக், நட்டு எல்லாம் இந்தக் கையாலதான் மாட்டுனேன். பாருங்க, நகத்துக்குள்ள இன்னும் கிரீஸ் போகல.

நீங்க பாட்டுக்கு அலைன்மென்ட் பாருங்க, நான் இந்த ஸ்டூல்ல ஓரமா உக்காந்துக்கிறேன். ஆனா ஒண்ணு, வேலை பாக்குறவங்க பக்கத்துல வாய மூடிக்கிட்டு உக்காரத் தெரியாது எனக்கு. மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசியே தொண்ட இப்படி ஆயிடுச்சு.

தையல் மிஷின் தம்பி. கடை வச்சிருக்கேன். புதுசா தைக்கிறது கம்மி, ஆல்டரேஷன்தான் நிறைய. இடுப்பு பிடிக்குது, கை நீளமா இருக்கு, ஜிப்பு போச்சு. இந்த ஏரியாவுல இருக்கிற தொப்பை எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் வளந்துச்சு. அதுல வந்த திமிருதான் இது. பேன்ட்ட குட்டையாக்குறோம், கார குட்டையாக்க முடியாதா, இதுல என்ன பெரிய வித்தைன்னு நெனச்சுட்டேன். பேன்ட்டுல தப்பு வந்தா பிரிச்சுத் தைக்கலாம். கார்ல தப்பு வந்தா மூஞ்சியில அடிக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

வண்டியா? பழசுதான். எனக்குத் தெரிஞ்சு மூணு பேர் கை மாறியிருக்கு. ஜப்பான்காரன் வண்டி, லேசுல சாகாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. உண்மைதான். நான் இவ்வளவு பண்ணியும் சாகல பாருங்க.

வண்டிய இறக்குற சாமான் பார்சல்ல வந்த அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். காயில் ஓவர்னா எனக்கு என்ன தெரியும்? ஏதோ சின்னப் பொட்டியில வரும்னு நெனச்சேன். ரெண்டு ஆள் தூக்கிட்டு வந்து துணி வெட்டுற டேபிள் மேல டொம்முன்னு வச்சுட்டுப் போனாங்க. பிரிச்சா உள்ள நாலு உருளை. ஷாக் மேலயே மரை போட்டு, ஸ்பிரிங்க சுத்தி வளையம் வச்சு, பளபளன்னு. பிளவுஸ் வாங்க வந்த அம்மா, என்னங்க புது மாடல் மிஷினான்னு கேக்குறாங்க. ஆமாங்க, எம்ப்ராய்டரி போடுறதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?

அந்த வளையத்த திருகுனா வண்டி ஏறும், இறங்கும். அவ்வளவுதான் எனக்குப் புரிஞ்சது. கூட வந்த பேப்பர் முழுக்க ஜப்பான் எழுத்து. படத்துல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே நட்ட கழட்டுறான். சரி, நாமளும் சிரிச்சுக்கிட்டே கழட்டுவோம்னு பானெட்ட தூக்குனேன். மேல நடுவுல பெருசா ஒரு நட்டு, சுத்தி சின்னதா மூணு நட்டு. பெருசுதான முக்கியமா இருக்கும்? ஸ்பேனர நடு நட்டுல மாட்டிட்டேன்.

சிரிக்கிறீங்க பாருங்க. தொழில் தெரிஞ்சவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் சிரிக்கிறீங்க.

நல்ல வேளை, திருகறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். இந்த மாடல் கார் வச்சிருக்கிறவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் இருக்கு தம்பி. அதுல ஸ்பேனர்னு ஒருத்தங்க. பேர் போட மாட்டாங்க, மூஞ்சி இருக்காது, ஒரு ஸ்பேனர் படம் மட்டும்தான். ஆனா விஷயம் தெரிஞ்சவங்க. போட்டோ போட்ட உடனே பதில். மொதல்ல கைய எடுங்க. நடு நட்ட தொடாதீங்க, உள்ள ஸ்பிரிங் அமுங்கி உக்காந்திருக்கு, கழட்டுனா மூஞ்சியப் பேத்துட்டுப் போயிடும். சுத்தி இருக்கிற மூணத்தான் கழட்டணும். கைய எடுத்துட்டீங்களா? எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

எடுத்துட்டேன்னு அடிச்சேன். பானெட்ட மெதுவா மூடிட்டு, உள்ள போயி ஒரு செம்பு தண்ணி குடிச்சேன். அன்னைக்கு அதுக்கு மேல வேலை ஓடல.

அப்புறம் ஒரு வழியா முன்னாடி ரெண்டையும் மாட்டிட்டேன். பெருமை தாங்கல எனக்கு. போட்டோ எடுத்துப் போட்டா ஸ்பேனர்கிட்ட இருந்து பதில், இடது வலது மாத்திப் போட்டிருக்கீங்க. பிரேக் ஹோஸ் பிடிக்கிற கொக்கி ரெண்டும் வெளிப்பக்கம் பாக்குது, உள்பக்கம் பாக்கணும். எத்தனை வருஷமா வலது கை, இடது கைன்னு பிரிச்சுத் தைக்கிறேன் நான்! ஒரு சட்டையில கை மாத்தி வச்சதில்ல. கார்ல வச்சுட்டேன். மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் மூணு மூணு நட்டு.

அதுக்கு நடுவுல கடையும் ஓடணும்ல. ஒரு வக்கீலோட வெள்ளச் சட்டை, காலர் மாத்தணும். கைய நல்லா கழுவிட்டுத்தான் தொட்டேன்னு நெனப்பு. அவர் கோர்ட்டுக்குப் போயி வாதாடிட்டு நேரா கடைக்கு வந்துட்டார். முதுகுல என் கட்டை விரல், ரேகை ரேகையா, கிரீஸ்ல. போலீஸ்காரங்க எடுத்தாக்கூட அவ்வளவு தெளிவா விழாது.

இந்த வெள்ளக் கோடா? அது துணியில குறி போடுற சாக்பீஸ் தம்பி, தொடச்சா போயிடும். சக்கரத்துக்கும் மேல தகரத்துக்கும் எவ்வளவு இடைவெளின்னு நாலு மூலையும் அளந்து சொல்லுங்கன்னாங்க ஸ்பேனர். அளக்கிறது ஒண்ணுதான எனக்குத் தெரியும்? டேப்ப எடுத்துட்டுப் போயி நல்லா குறி போட்டு அளந்தேன். பாத்தா ஒரு மூலை மட்டும் தூக்கிட்டு நிக்குது. அத இறக்குனேன். அடுத்தது தூக்குச்சு. அத இறக்குனேன். இப்படியே வண்டியச் சுத்திச் சுத்தி வந்து வளையத்த திருகிக்கிட்டே இருந்தா, கடைசியில வண்டி தரையோட தரையா படுத்துடுச்சு. ஸ்பேனர் பொறுமையா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. வண்டி எங்க நிக்குது? கடைக்குப் பின்னாடி நிக்குது. தரை சமமா இருக்கா? போயி பாத்தேன். தரை சரிவு. தண்ணி வடியறதுக்குன்னு நானே கொத்தனார்கிட்ட சொல்லி சரிவா போட வச்ச தரை.

அந்த நெலமையிலதான் ஒரு நாள் வெளிய எடுத்துட்டுப் போனேன். எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து, என்னங்க பங்சரா, நாலுமான்னு கேக்குறார். வேகத்தடையில ஏறி நடுவுல தட்டி நின்னுடுச்சு, சீசா மாதிரி. பின்னாடி ஒரே ஹாரன். இறங்கிப் பாக்கலாம்னா, கதவத் திறந்தா கதவு ரோட்டுல இடிக்குது. நான் என்ன சின்னப் பொண்ணா? மொதல்ல ஒரு கைய ரோட்டுல ஊனி, அப்புறம் முட்டிய வச்சு, தவழ்ந்துதான் வெளிய வந்தேன். ஹாரன் அடிச்சவன் அடிக்கிறத நிறுத்திட்டான். பாவம், அம்மா வண்டியில இருந்து விழுந்துட்டாங்கன்னு நெனச்சிருப்பான்.

அதையும் ஸ்பேனர்கிட்ட சொன்னேன். சிரிக்கிற பொம்மை ஒண்ணு அனுப்புனாங்க. அப்படி அனுப்பவே மாட்டாங்க தம்பி. ரொம்ப கறாரான ஆளு. அன்னைக்கு மட்டும் அனுப்புனாங்க. அதுக்கப்புறம் உக்காந்து, சமமான தரை எப்படிப் பாக்குறது, எவ்வளவு ஏத்தணும், பின்னாடி சக்கரத்தப் பிடிச்சிருக்கிற லிங்க் ராடு ஏன் இழுக்குதுன்னு ஒவ்வொண்ணா படம் வரஞ்சு அனுப்புனாங்க. எனக்குப் புரியணும்னு, இத பாவாடை நாடா மாதிரி நெனச்சுக்கோங்க, ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் உள்ள போகும்னு எழுதியிருந்தாங்க. நான் என்ன தொழில் பாக்குறேன்னு குரூப்புல ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பதில நான் எத்தனை வாட்டி படிச்சேன்னு கேக்காதீங்க.

முடிஞ்சுதா? அதுக்குள்ளயா?

ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாத்தீங்களா? முன் சக்கரம் உள்ள சாஞ்சிருக்கும்னு நெனச்சேனே. அத நீங்களே சரி பண்ணிட்டீங்களா. டயர் உரசலையா? சத்தம்? நட்டு எல்லாம் டைட்டா இருக்கா?

சந்தோஷந்தான் தம்பி. மெக்கானிக் கடையில பண்ண மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றது பெரிய வார்த்தை. இல்ல, சந்தோஷந்தான். மூஞ்சி எனக்கு இயற்கையாவே இப்படித்தான்.

நேத்து ஸ்பேனர் அனுப்பியிருந்தாங்க. அலைன்மென்ட் ஒண்ணுதான் பாக்கி, அத பாத்துட்டா வேலை முடிஞ்சுது, இனிமே நிம்மதியா ஓட்டுங்கன்னு. அவ்வளவுதான். எப்பவுமே அப்படித்தான் அவ. முடிஞ்சா முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிடுவா, திரும்பிப் பாக்க மாட்டா.

என்ன? மரியாதை இல்லாம அவ இவன்னு வந்துடுச்சா வாயில?

என் பொண்ணு தம்பி அது.

ஆமா, ஸ்பேனர்தான். அவளுக்குத் தெரியாது, கேக்குறது நான்னு. அவளப் பொறுத்தவரைக்கும் நான் யாரோ ஒரு விவரமில்லாத பெரியவர். சார், மொதல்ல ஜாக்கிய சரியா வைங்க சார்னு எழுதுவா. பெத்தவளுக்கு சார். பரவால்ல, பேசுறாளே.

சண்டைன்னா என்ன சண்டை... அவளுக்கு மாப்பிள்ளை பாக்குற பேச்சுல ஆரம்பிச்சு, அவ கார் கம்பெனியில வேலைக்குப் போறதுல வந்து, அங்க இருந்து எங்கெங்கயோ போயிடுச்சு. இப்ப கேட்டா ரெண்டு பேருக்கும் முழுசா ஞாபகம் இருக்காது. யார் மொதல்ல போன் பண்றதுங்கறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. நாலு வருஷமா அந்தப் போட்டியில நானும் ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன், அவளும் ஜெயிச்சுக்கிட்டு இருக்கா.

எங்க அண்ணன்தான் சொன்னான். உன் பொண்ணு இந்த மாதிரி ஒரு குரூப்புல எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்கா, ஸ்பேனர்னு பேருன்னு. சரி, நாமளும் சேந்து சும்மா ஓரமா நின்னு பாப்போம்னு பாத்தா, சேத்துக்க மாட்டேங்கிறாங்க. அந்த மாடல் கார் இருந்தாத்தான் சேப்பாங்களாம், கார் போட்டோ அனுப்பணுமாம். அதான் காரே வாங்கிட்டேன். எனக்கு கார் ஓட்டவே பிடிக்காது தம்பி.

சேந்த புதுசுல எஞ்சின் சூடாகுதுன்னு ஒரு கேள்வி போட்டேன். யாரோ ஒரு மீசைக்காரர் வந்து அக்கறையா பதில் சொல்றார். ஏசி வரலன்னு போட்டேன், மறுபடியும் மீசைக்காரர். அப்புறம்தான் கவனிச்சேன், அவ வாயத் திறக்கறது ஸ்பிரிங், ஷாக்குன்னு சஸ்பென்ஷன் கேள்விக்கு மட்டும்தான். உடனே பார்சலுக்கு சொல்லிட்டேன். போட்டோ எடுக்கறப்ப என் காலு, கையி, கடை போர்டு எதுவும் விழாம எடுக்கணும். அது நட்டு கழட்டுறதவிட கஷ்டம்.

நான் பண்ண தப்புல பாதி நிஜம் தம்பி. நடு நட்டு நிஜம். சரிவுத் தரை நிஜம். அந்த இடது வலது மட்டும்... மாட்டும்போதே தெரியும். ஆனா சரியா மாட்டிட்டா கேள்வி இல்லையே.

இப்ப எல்லாம் சரியாயிடுச்சுங்கறீங்க. நான் போயி என்னத்தக் கேக்குறது?

ஏதாவது ஒரு சின்னக் கோளாறு சொல்லுங்களேன். பெருசா வேண்டாம். உங்க தொழிலுக்கு அவமானம்தான், எனக்கும் புரியுது. நல்லா தச்ச சட்டைய ஒருத்தி கொண்டாந்து, இதுல ஒரு தையல் விட்டுப்போச்சுன்னு சொல்லுங்கன்னா எனக்கும் கோவம்தான் வரும். சரி விடுங்க. கிறுக்குத்தனமா பேசிட்டேன். சாவியக் குடுங்க.

எங்க போறீங்க? பின்னாடி எதுக்கு அமுக்கிப் பாக்குறீங்க? அதான் பாத்தாச்சுன்னீங்களே.

சத்தமா? எந்தப் பக்கம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே தம்பி. இன்னொரு வாட்டி அமுக்குங்க. இல்லையே, எனக்கு...

ஓ.

ஆமா. ஆமா ஆமா, கேக்குது. நல்லாவே கேக்குது.

போட்டோ எடுத்து அனுப்பவா? ஆமால்ல, சத்தம் எப்படி போட்டோவுல விழும். வீடியோவுலயும் விழாதா? அவ்வளவு சின்ன சத்தமா அது. பக்கத்துல வந்து காது வச்சுக் கேட்டாத்தான் தெரியுமா... அப்படியே எழுதவா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன். வண்டி பின்னாடி ஒரு சத்தம் வருது. நேர்ல வந்து கேட்டாத்தான் தெரியும்னு மெக்கானிக் சொல்றார். ஒரு எட்டு வர முடியுமா. சரியா இருக்கா?

அட்ரஸா? உங்க கடை அட்ரஸ் போட்டா நல்லதுதான். யாரு என்னன்னு தெரியாமலே வந்துடுவா... வேண்டாம் தம்பி. வீட்டு அட்ரஸையே போட்டுடறேன். அவளுக்கு வழி தெரியும்.