அண்ணன் பெயரில் வகுப்பு

விருத்தாசலம் பஸ்ஸில் பின்சீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டதுமே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அவருதான் செத்துட்டாரு. அவரு வாங்குன புராஜெக்ட் மேனேஜர் சர்டிபிகேட்ட சாவ விடமாட்டேன்."

"அதுக்கு என்னா பண்றீங்க அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"அதப் புதுப்பிக்க அவரு லாகின்ல ஆன்லைன் வகுப்பு கேக்கறேன். இன்னும் ஒண்ணு முடிச்சா மூணு வருசத்துக்குச் செல்லும்."

"அண்ணனே வகுப்புல தூங்கும். உங்களுக்கு என்னா புரியுது?"

"ஒண்ணும் புரியல. ஓடவுட்டுட்டு சமைக்கப் போயிடுவேன். போன வாரம் கடைசில கேள்வி கேட்டான். வந்து பாத்தா பதிலெல்லாம் போட்டிருக்குது. அத்தனையும் சரி."

"வூட்ல யாரு இருந்தாங்க?"

"நான் மட்டுந்தான்."

ஜன்னலில் செராமிக் தொழிற்சாலைப் புகைக்கூண்டுகள் கடந்துபோயின.

"நாளைக்குக் கடைசி வகுப்பு," என்றாள் அண்ணி. "கம்ப்யூட்டர் பக்கத்துல அவரு குடிக்கிற மாதிரி சக்கரை இல்லாம ஒரு டீ வச்சிட்டு, கதவ சாத்திப் பாக்கப் போறேன்."