ஷவ்கி அனுப்பிய பாட்டு கேசட்டுகள்

டீயில் சர்க்கரை போதாவிட்டால் சொல், ராகிப். உன் அண்ணன் ஷவ்கி மூன்று கரண்டி போட்டுக்கொள்வான். அவன் விஷயத்தைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் கழித்து என் வீட்டுப் படியேறியிருக்கிறாய். என் மகள் நக்லா வேலைக்குப் போயிருக்கிறாள். நிதானமாகப் பேசலாம்.

என் காலத்தில் பாட்டு என்றால் ரேடியோதான். அவர்கள் போட்டதை அலெக்ஸாந்திரியா முழுக்கக் கேட்டது. கேசட் வந்த பிறகுதான் ஆளாளுக்கு வெட்டி ஒட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருக் கடையில் அதற்குக் காக்டெயில் என்று பெயர். பழச்சாறு மாதிரி, இந்தப் பாடகரிடம் கொஞ்சம், அந்தப் பாடகியிடம் கொஞ்சம். ஒரு பெண்ணிடம் வாய் திறக்கத் துணியாத பையன்களெல்லாம் பாட்டை வரிசைப்படுத்திக் கொடுத்தே நிச்சயதார்த்தம் வரை வந்துவிட்டார்கள். ஷவ்கியும் அப்படி வந்தவன்தான். நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நிச்சயம் முடிந்து குவைத்துக்கு வேலைக்குப் போன பின்பும், ஊருக்கு வருகிறவர்களிடம் நக்லாவுக்குக் கேசட் கொடுத்தனுப்புவான். பாட்டுக்கு நடுவே தானும் இரண்டு வார்த்தை பேசுவான். எனக்கென்று ஒரு டேப்ரெக்கார்டரே அனுப்பினான். ஒரு பக்கம் கேசட் ஓடும், மறுபக்கம் அது இன்னொன்றில் பதியும். அத்தைக்குப் பொழுது போகட்டும் என்றானாம். பொழுது நன்றாகவே போனது.

முதலில் வெறும் விளையாட்டு. கேசட் வந்து சேருவது என் கையில். நக்லா தையற்கூடத்திலிருந்து திரும்ப சாயங்காலமாகிவிடும். அதற்குள் முலூகியாக் கீரையை ஆய்ந்து வைத்துவிட்டு ஒரு கல்யாணப் பாட்டை எடுப்பேன், ஒரு பிரிவுப் பாட்டைப் போடுவேன். அவள் கேட்டுவிட்டு முகம் சுருங்கி உட்கார்ந்திருப்பாள்.

"ஏம்மா, ஒரு மாதிரியா போட்டிருக்காரே?"

"அவன் எங்கடி போட்டான்? கடைக்காரன் போட்டிருப்பான். இதுக்கெல்லாம் அவனுக்கு நேரம் ஏது?"

அந்த ஒரு பதிலுக்காக அன்று முழுக்க எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வயதான காலத்தில் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்வது உடம்புக்கும் நல்லது.

பிறகு ஒரு கேசட்டில், கல்யாணம் ஆனதும் நக்லாவைக் கூட்டிப்போக அங்கே வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். சந்தோஷமான சேதிதான். இரண்டு பேருக்குப் போதுமான வீடு என்றும் சொன்னான். என் இரண்டு பையன்களும் ஏற்கெனவே ஆளுக்கொரு தேசம் போய்விட்டார்கள். மூன்றாவதாக ஒருத்தி இங்கே இருப்பதைச் சொல்ல அவனுக்கு ஒரு பாட்டுகூட அகப்படவில்லை.

அதே கேசட்டில்தான் அந்த வரி இருந்தது. "நக்லா, உன்னக் கட்டிக்கிறதத் தவிர எனக்கு வேற ஆசை இல்ல." அழகான வரி, ஆனால் கொஞ்சம் நீளம். நடுவில் வரும்போது பதிவை நிறுத்தி, சரியான இடத்தில் மறுபடி அழுத்தினேன். விரல் பழகப் பல தடவை ஆயிற்று. கடைசியில் சுத்தமாக வந்தது.

"நக்லா, உன்னக் கட்டிக்கிற ஆசை இல்ல."

வீடு பார்த்த பேச்சையும் எடுத்துவிட்டேன். அது இனி எதற்கு? நக்லா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நான்தான் பக்கத்திலிருந்து தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு யார் கொடுப்பார்கள்?

அவளும் ஒரு கேசட் பதிந்தாள். என்ன தப்பு செய்தேன் என்று ஒரே அழுகை. குவைத்துக்குப் போகிற ஆளிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் தந்தாள். அழுகையை யாராவது அவ்வளவு தூரம் அனுப்புவார்களா? அந்த வாரம் மாடி வீட்டில் கல்யாணம். தம்பட்டமும் தாளமும் பாட்டுமாக ஜன்னல் வழியே வந்ததை அவள் அழுகையின் மேலேயே பதிந்தேன். இடையில் என் குரலும் உண்டு. "நம்ம நக்லாவுக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னொரு தடவை" என்று சொல்லிவிட்டு நானே குலவையிட்டேன். இழுத்து, நடுங்காமல். லேபிளில் 'ஷவ்கிக்கு' என்று நக்லாவின் கையெழுத்தே இருந்தது. அதை நான் தொடவில்லை.

அந்தக் கேசட்டைக் கேட்டபின் அவன் ஊர்ப்பக்கமே வரவில்லை, உங்கள் அம்மா சாவுக்குக்கூட வரவில்லை என்று சொல்கிறாய். பெற்றவளுக்கே வராதவனை நம்பி நான் பெண்ணைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நீயே யோசித்துப் பார்.

போன மாதம் மருந்துக்கடைக்காரர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். தாரமிழந்தவர், பக்கத்துத் தெருதான். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நக்லா தலைநிமிராமல், தனக்கு யாரும் வேண்டாம் என்று அவளாகவே சொல்லி அனுப்பிவிட்டாள். என் பெண்ணுக்கு ஆரம்பத்திலிருந்தே கல்யாணத்தில் விருப்பமில்லை, ராகிப்.