காய்ச்சல் விட்ட கை

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம கோவிந்தராசோட சின்னம்மா காத்தாயிக்கு நடந்தது இது. அறுபத்தெட்டாம் வருசம், தை மாசம்...

ராத்திரி ஏழு மணி இருக்கும். வெண்ணாத்துக் கரையில ஆள் நடமாட்டமே இல்ல. தூக்குவாளியில கஞ்சி, முந்தானையில முடிஞ்ச மாத்திரை. காத்தாயி மட்டும் நடந்து போறா.

அவ புருசன் மருதையன் பழைய மதகுக்குப் பக்கத்துல நாணல் காட்டுல ஒளிஞ்சிருந்தான். அறுவடைக் கூலி கேட்டுப் பண்ணையில அடிதடி, அவன் பேர்ல வாரண்ட். ஆனா அவளுக்குப் பயம் போலீஸ் இல்ல... அவன் நெஞ்சு. போன வருசமே டிபி. ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டான், இருமல் நின்னுது, விட்டுட்டான். அரை வயித்துக் கஞ்சி, கள்ளச்சாராயம். மறுபடி ரத்தமா வந்துச்சு. தஞ்சாவூர் டாக்டர் அவகிட்டத்தான் சொன்னாரு: "இந்தத் தடவையும் பாதியில விட்டா, அப்புறம் எந்த மருந்தும் கேக்காதும்மா."

விளக்கு கொண்டு போக முடியாது. மதகடியில நின்னு கனைப்பா. நாணல் சரசரன்னு விலகும். ஒரு கை நீளும். கொதிக்கும் அந்தக் கை. உள்ளேர்ந்து இருமல்... காஞ்ச வாழைச் சருகைக் கிழிக்கிற மாதிரி.

பன்னண்டாம் நாள் கை சில்லுனு இருந்துச்சு. இருமல் இல்ல. சேத்து வாடை மட்டும். காத்தாயிக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோசத்துல. காய்ச்சல் விட்டுடுச்சு, மருந்து கேக்குது!

"நல்லாயிட்டாலும் விட்றாதய்யா"ன்னு கெஞ்சினா.

கை மட்டும் மாத்திரையை மூடிக்கிட்டு உள்ளே போச்சு.

நாலு நாள் இப்படியே.

மறுநாள் காலையில விவசாயச் சங்கத்து இளையபெருமாள் வந்தாரு. உக்காரவே இல்ல. மருதையன் ரத்தம் கக்கி ஆத்துல விழுந்திருக்கான், ரெண்டு மைல் கீழே கோரையில ஒதுங்கிக் கெடந்தான்னாரு. செத்து அஞ்சு நாள் இருக்குமாம்.

"இல்லீங்க. நேத்துக்கூட என் கையில வாங்கினாரு."

மத்தியானம் புதைச்சாங்க.

பொழுது சாஞ்சதும் தூக்குவாளியை எடுத்துட்டா. தடுத்துப் பாத்தாங்க, கேக்கல. சரி, அங்க யாரும் இல்லன்னு கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறும்னு இளையபெருமாள் கூடவே போனாரு.

மதகடி. காத்தே இல்ல... காத்தாயி கனைச்சா.

நாணல் விலகுச்சு. ஒரு இடத்துல இல்ல... கரை நெடுக. இந்தப் பக்கம் சரசர. அந்தப் பக்கம் சரசர. தூரத்துல, கண்ணுக்கு எட்டாத இருட்டுலயும்.

இளையபெருமாள் ரெண்டு அடி பின்னால வச்சாரு. காத்தாயி முந்தானை முடிச்சை அவுத்தா. இருட்டுல மாத்திரையை ஒண்ணொண்ணா விரலால தடவிப் பாத்தா. அப்புறம் மெதுவா சொன்னா:

"எல்லாருக்கும் பத்தாதேய்யா..."