ஆரஞ்சு ஜூஸ் மூணு

– கொட்டை ஒண்ணு விழுந்துடுச்சு பாருங்க அத்தை. எடுத்துடுங்க, கசக்கும்.

– ஒரு கொட்டையில என்ன கசந்துடப் போகுது?

– ஒண்ணு போதும். நாக்குலயே நிக்கும்.

– மாமியாரை வேலை வாங்கறதுக்கு இனிமே ஒருத்தி பொறந்துதான் வரணும்.

– நான் கூப்பிட்டேனா? நீங்கதானே அரை நாள் லீவு போட்டுட்டு வந்து நிக்கறீங்க.

– உன் ஹோட்டல் ஆளுங்க வர்றாங்கன்னே. என் வீட்டு வாசப்படி ஏறி யார் வர்றாங்கன்னு நான் பார்க்க வேண்டாமா? தையல் மெஷின் எங்கயும் ஓடிடாது.

– ரெண்டே பேர்தான். மேனேஜரும்... இன்னொருத்தரும்.

– ரெண்டு பேருக்கா பன்னெண்டு ஆரஞ்சு?

– சாறு பத்தணும்ல.

– சரி, அது என்ன... பால் ஊத்தாம டீயைப் போட்டு ஆற வச்சிருக்கே?

– அதுவும் இதுக்குள்ளதான் போகும்.

– பழச்சாறுல டீயா? கண்றாவி!

– குடிச்சுட்டுத் திட்டுங்க. இந்தாங்க, இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிங்க. மிளகை நான் பொடிக்கறேன். தொண்டையில லேசா சுட்டாப் போதும்.

– வர்றவங்களுக்கு விருந்தா, இருமல் மருந்தா?

– இருங்களேன். அன்னாசிச் சாறையும் ஊத்திக் குலுக்கினா மேல நுரை கட்டும். அப்புறம் பேசுங்க.

– சோடா மூடியைத் திறக்கட்டுமா?

– ஐயோ, வேணாம்! அது கடைசியில. இப்பவே ஊத்தினா காத்தெல்லாம் போயி சப்புன்னு ஆயிடும்.

– கத்தாதேடி. கீழ் வீட்டுக்காரிக்கு ரெண்டு காதும் நம்ம சமையலறை ஜன்னல்லதான் இருக்கு. நேத்துகூடப் படியில நிறுத்திக் கேட்டா. "உங்க மருமக அங்க ஊத்திக் குடுக்கற வேலைதானே பார்க்குது?"ன்னு.

– நீங்க என்ன சொன்னீங்க?

– ஆமா, உனக்கு ஒரு கிளாஸ் எடுத்துட்டு வரச் சொல்லவான்னேன்.

– அத்தை!

– பின்னே? எனக்கு உன் வேலை பிடிக்கலை. நாலு வருஷமாப் பிடிக்கலை, இன்னைக்கும் பிடிக்கலை. அதை நான் சொல்லுவேன். அவ யாரு கேக்கறதுக்கு?... இந்தா, இஞ்சிச் சாறு. இப்பச் சொல்லு, அந்த இன்னொருத்தர் யாரு?

– எங்க பாருக்கு வழக்கமா வர்றவர். பெரிய கான்ட்ராக்டர்.

– பாருக்கு வர்றவனுக்கு வீட்டுல என்ன வேலை?

– சும்மாதான்...

– இந்தச் "சும்மா"வை எல்லாம் உன் புருஷன்கிட்ட வச்சுக்கோ. கப்பல்ல இருக்கறவன், போன்ல எதைச் சொன்னாலும் நம்புவான். எனக்குக் கண்ணு இருக்கு. சொல்லு... கலக்கறதை ஏன் நிறுத்திட்டே? சர்க்கரை அடியில நிக்குது பாரு.

– அவரை நான் ஏமாத்திட்டேன் அத்தை.

– என்னடி சொல்றே? பில்லுல கூடப் போட்டுட்டியா?

– குறைச்சுத்தான் போட்டேன்.

– புரியற மாதிரிப் பேசு.

– ஒருநாள் சாயங்காலம் சிநேகிதங்களோட வந்தார். நாலு ரவுண்டு ஆச்சு. வெளிய வரவேற்பறை சோபாவுல அவர் பொண்ணு உட்கார்ந்திருந்தா. ஏழெட்டு வயசுதான் இருக்கும். நீச்சல் வகுப்பு முடிஞ்சு நேரா கூட்டிட்டு வந்திருக்கார். தலை ஈரம்கூடக் காயலை. ரெண்டு தரம் கதவுகிட்ட வந்து, "அப்பா, போலாமா?"ன்னு கேட்டா. "இதோ, ஒண்ணே ஒண்ணு"ன்னார்...

– கூட டிரைவர்?

– இல்லை. கார் சாவி மேஜை மேலதான் கிடக்கு. அஞ்சாவது கேட்டார். "சார், நான் டிரைவர் ஏற்பாடு பண்ணட்டுமா?"ன்னேன். "நீ ஊத்தற வேலையை மட்டும் பாரு"ன்னார்.

– ம்... ஊத்தினியா?

– ஊத்தினேன். இதைத்தான் ஊத்தினேன். இதே டீ, இதே ஆரஞ்சு, இஞ்சி, மிளகு. ஒரு சொட்டு சரக்கு கிடையாது.

– அவனுக்குத் தெரியலையா?

– "இன்னைக்குத்தான்மா ஒழுங்காக் கலந்திருக்கே"ன்னு பாராட்டு வேற. மூணு கிளாஸ் குடிச்சார்.

– அடிப்பாவி!

– அந்த மூணு கிளாஸ் குடிக்கற நேரம்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்ட அவங்க அம்மா நம்பரைக் கேட்டு, ரிசப்ஷன்ல இருந்து போன் போட்டுட்டேன். அவங்க ஆட்டோ பிடிச்சு வந்து சாவியையும் வாங்கிட்டு, ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனாங்க.

– நல்ல காரியம்தானே பண்ணியிருக்கே. அப்புறம் எப்படி மாட்டினே?

– பில்லுல. குடுக்காத சரக்குக்குக் காசு எப்படி வாங்கறது? "ஆரஞ்சு ஜூஸ் மூணு"ன்னு உள்ளதை உள்ளபடி அடிச்சு வச்சேன். அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே கூட இருந்தவர் அதை எடுத்துச் சத்தமாப் படிச்சுட்டார். மேஜை மொத்தமும் சிரிச்சுது. அவர் முகத்தைப் பார்க்கணுமே...

– சிரிச்சா பொறுக்குமா அவனுக்கு!

– மறுநாளே புகார். மன்னிப்புக் கடிதம் அடிச்சு நீட்டினாங்க. மாட்டேன்னேன். கையெழுத்து மட்டும் போதாதாம், அவர் காதால வேற கேக்கணுமாம். மேனேஜர் பாவம், நடுவுல கிடந்து தவிக்கறார். "நீ வர வேண்டாம்மா, நானே அவரை உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம், ஒரு வார்த்தை, ஒரு கையெழுத்து. திங்கட்கிழமையிலருந்து..."

– திங்கட்கிழமையிலருந்து?

– ...திங்கட்கிழமையிலருந்து பிரச்சனை இல்லாம வேலை பார்க்கலாம்னார்.

– மறுபடி வேலைக்கு வரலாம்னார். அப்படிச் சொல்லு.

– ...அத்தை?

– பத்து நாளா நீ எங்கடி போறே? செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு டப்பாவை வச்சுட்டுப் போயிட்டே. எடுத்துக்கிட்டு ஹோட்டல் வாசல் வரைக்கும் வந்தேன். செக்யூரிட்டிதான் சொன்னான். "அவங்களை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சேம்மா"ன்னு.

– தெரிஞ்சும்... மறுநாள் டப்பா கட்டிக் குடுத்தீங்களே?

– வேலை இல்லைன்னா வயிறு பசிக்காதா?

– நூலகத்துல உட்கார்ந்திருந்தேன் அத்தை. வேற மூணு ஹோட்டல்ல கேட்டுப் பார்த்தேன். பழைய இடத்துல விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்னாங்க. ஒருத்தரும் கூப்பிடலை. உங்ககிட்ட சொன்னா, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே"ம்பீங்கன்னு...

– சொல்லியிருப்பேன். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டிருப்பேன்... சரி, ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டுப் போயேன்.

– நீங்களுமா?

– கேக்கத்தானே கேக்கறேன். பேனா பிடிச்சா விரல் தேஞ்சுடுமா?

– அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? "இனி வாடிக்கையாளர் கேட்டதை மட்டுமே வழங்குவேன்"னு இருக்கு. கேட்டதை மட்டுமே! நாளைக்கே ஒரு குழந்தை தலை ஈரத்தோட அந்த சோபாவுல உட்கார்ந்திருந்தா நான் என்ன பண்ணட்டும்? திரும்பவும் இதைத்தான் ஊத்துவேன். நூறு தரம் ஊத்துவேன். அப்புறம் எதுக்குப் பொய்யா ஒரு கையெழுத்து?

– மெதுவாடி...

– கீழ் வீட்டுக்குக் கேக்கட்டும். தெருவுக்கே கேக்கட்டும்!

– இவ்வளவு வீம்பு இருக்கறவ, அவங்களை ஏன் வரச் சொன்னே?

– அவர் கையில இந்த கிளாஸைக் குடுத்து, "சார், அன்னைக்கு நீங்க பாராட்டினது இதுதான், நல்லாத்தானே இருக்கு?"ன்னு முகத்துக்கு நேராக் கேக்கணும். அவ்வளவுதான். அப்புறம் வேலை போனாப் போகட்டும். பழக்கடையில ஜூஸ் பிழிஞ்சு பொழைச்சுக்கறேன்.

– ...குடு. ஒரு வாய் பார்க்கறேன்.

– இருங்க, ஐஸ் போட்டுக் குலுக்கித் தர்றேன்... ம், இப்பக் குடிங்க. எப்படி இருக்கு?... அத்தை? ஏன் கண்ணு கலங்குது? மிளகு தூக்கலா?

– ஆமா... மிளகுதான். அப்படியே இருக்குடி. மணமும் அதுவே... நிறமும் அதுவே.

– சரக்கு மாதிரியா? உங்களுக்கு அதோட ருசி எப்படித் தெரியும்?

– நாலு கிளாஸ் எடுத்து வை. நாமளும் அவங்க எதிர்ல உட்கார்ந்து குடிப்போம்.

– நீங்க உள்ளயே இருங்க அத்தை. நான் பேசிக்கறேன்.

– ஏன், நான் இருந்தா மரியாதை குறைஞ்சுடுமா?

– அதுக்கில்லை. அவர் ஒண்ணு சொல்லி, நீங்க ஒண்ணு சொல்லி... ஐயோ, மணி அடிக்குது. வந்துட்டாங்க.

– கேட்டுச்சு. நீ சோடாவை ஊத்து. கதவை நான் திறக்கறேன்.

– சண்டை போடாதீங்க, ப்ளீஸ்.

– சண்டை போடறதுக்கு இல்லை. அவனை உட்கார வச்சு ஒரு விஷயம் சொல்லணும். என் பையனுக்குக்கூட அது தெரியாது.

– என்ன விஷயம்?... மறுபடி அடிக்கறாங்க அத்தை.

– அடிக்கட்டும். உன் மாமனார் எப்படிப் போனார்னு உனக்குச் சொல்லியிருக்கேன்?

– லாரி மோதின்னு...

– எந்த லாரியும் மோதலைடி. அன்னைக்கும் நம்ம வீட்டுக்கு ரெண்டு பேர் வந்திருந்தாங்க. அவங்களை ஸ்டேஷன்ல விட்டுட்டு வர்றேன்னு எழுந்தார், கால் தரையில நிக்கலை. "வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்காதே, சாவியைக் கொண்டா"ன்னார். ஒரு வார்த்தை பேசாம எடுத்துக் குடுத்தேன். பாலத்துக் கட்டையிலதான் போய் நின்னுது கார். அன்னைக்கு முதல் கிளாஸ்லருந்து கடைசி கிளாஸ் வரைக்கும், பக்கத்துலயே நின்னு ஊத்திக் குடுத்தது நான்தான். நகரு... கதவைத் திறக்கணும்.