சினை நண்டும் கொசு முட்டையும்

பழவேற்காட்டிலிருந்து வந்த காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில் கஞ்சி டப்பா இருந்தது.

“ஆம்பளக் கொசுவா வளத்து நம்ம ஊர்ல வுடப் போறாங்களாம்க்கா,” என்றார் இளையவர்.

“இருக்கிற கொசு பத்தலயா இன்னா?”

“இது கடிக்காதாம். இதோட சேந்தா பொட்டக் கொசு போடுற முட்ட பொரியாதாம். மருந்தே அடிக்க வேணாம்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம ஊர்க் கூட்டத்துல சம்மதமானு கேப்பாங்க. நீ கை தூக்குவியா?”

“ரெண்டு கையும் தூக்குவேன். டெங்குல ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறது என் பொண்ணு.”

“முட்டய பொரியாம பண்றது பாவமில்லயா? வலையில சினை நண்டு வந்தா நைனா ஏரியிலயே வுட்டுடுவாரே.”

“அடுத்த வருசம் புடிச்சுத் திங்கத்தான்டி வுட்டாரு. கொசுவ யாரு திங்கிறது?”

“மீன் குஞ்சு திங்குதே.”

மூத்தவர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு அவரே கேட்டார்: “வுடறப்போ நண்டுகிட்ட இன்னாமோ சொல்லுவாரே நைனா?”

“‘போய்ட்டு புள்ளைங்களோட வா’னு சொல்லுவாரு. அம்மா கரையில நின்னுக்கினு, ‘அது இன்னா உன் மச்சினிச்சியா? கொழம்புக்கு இன்னா பண்றது?’னு கத்தும்.”

இருவரும் சிரித்தார்கள்.

பொன்னேரியில், ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக மூத்தவர் டப்பாவோடு இறங்கினார். செங்குன்றம் போக வேண்டிய இளையவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“அக்கா, போய்ட்டு புள்ளையோட வா.”

மூத்தவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.